பேசித் தீர்த்த பிறகும் நிற்காத அடி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிக் கடந்த இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அடித்தவர் மீதுள்ள கோபத்தைவிட, அதைத் தீர்த்துவைக்க வந்த பள்ளிவாசல் நிர்வாகத்தின் மீதும் சபை மூப்பர்கள் மீதும் கோயில் பெரியவர்கள் மீதும் உள்ள மனக்குறையே பெரிதாக இருக்கிறது. அக்கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கி, இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடங்கள். மூன்று பிள்ளைகள். கணவர் ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். ஊரில் நல்ல பெயர். வீட்டில் சின்ன விடயத்துக்கும் கை நீட்டுவார். கடந்த வருடம் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இரு தரப்பையும் அழைத்துப் பேசிக் கடிதம் எழுதி எங்களிடம் கையொப்பம் வாங்கினார்கள் (பிரதி இணைத்துள்ளேன்). அதன் பிறகும் இரண்டு தடவை கடுமையாக அடித்துவிட்டார். மறுபடியும் சொன்னபோது, “சபுர் (பொறுமை) செய்யுங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்” என்கிறார்கள். பொலிசுக்குப் போனால் தங்கச்சிமாருக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று உம்மா அழுகிறார். பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ போவது மார்க்கத்துக்கு முரணா? வீடு எனக்குச் சீதனமாகத் தந்தது. நான்தான் வெளியேற வேண்டுமா?
– கல்முனைப் பிரதேச வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியேற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிழக்குக் கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். பெண்ணின் பெற்றோர் பல இடங்களில் அதே வளவில் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேறு பகுதிகளில் அடிபடும் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை என்பதே முதல் துன்பமாக இருக்க, இங்கே தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட வீட்டுக்குள்ளேயே, பெற்ற தாயின் காதில் விழும் தூரத்திலேயே ஒரு பெண் அடி வாங்குகிறாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை, வன்முறை செய்தவர் அந்த வீட்டுக்குள் நுழைவதையே தடுக்கலாம். உங்களை நிர்க்கதியாக்கும் விதத்தில் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாதபடியும் செய்யலாம். வீட்டு உறுதியின் பிரதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் வீட்டுக்கு வெளியே, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள்.

இக்கட்டளைக்கு நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். ஆபத்து உடனடியானது என்று கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளை ஒன்றை வழங்கிவிட்டு, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிப்பார். விசாரணையின் முடிவில் வழங்கப்படும் கட்டளை 12 மாதங்கள் வரை நடைமுறையில் இருக்கலாம். அதை மீறினால் 10,000 ரூபாய் வரையான தண்டப்பணம், ஒரு வருடம் வரையான சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். புருஷனை மறியலுக்கு அனுப்பியவள் என்ற பேச்சுக்குப் பயந்து பேசாமலிருக்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கட்டளைக்கு விண்ணப்பிப்பதனால் மட்டும் யாரும் சிறைக்குப் போவதில்லை. கட்டளையை மீறுபவர்தான் அந்த வழியைத் தாமே தேடிக்கொள்கிறார். அடித்த குற்றத்துக்காகத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வழக்குத் தொடரப்படுவது இதிலிருந்து வேறானது.

இச்சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. முஸ்லிம்களின் திருமணமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காதி நீதிமன்றத்துக்குரியவை என்பதனால், அடிபட்ட முறைப்பாட்டையும் காதியிடம் மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. காதியால் பாதுகாப்புக் கட்டளை வழங்க முடியாது. நீதவானால் பஸஹ் (மனைவி கோரிப் பெறும் விவாகரத்து) வழங்க முடியாது. ஒன்றுக்குப் போவது மற்றதைத் தடுக்காது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது என்பதையும், 3 தசாப்தங்களாகப் பெண்கள் கேட்டுவந்தும் பெண் ஒருவரைக் காதியாக நியமிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் வைத்துப் பார்த்தால், நாலு பேர் முன்னால் பேசிப் பழகாத ஒரு பெண் அங்கே எவ்வளவு தனித்துப் போவாள் என்று விளங்கும். நீதவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றலாம். பணவசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதியைப் பலமுறை வாசித்தேன். பள்ளிவாசலின் கடிதத் தலைப்பில், இறப்பர் முத்திரையோடு, அழகான கையெழுத்தில் இருக்கிறது. கணவரின் பக்கத்தில் ஒரே ஒரு வாசகம்: இனிமேல் குடும்பத்தை நல்ல முறையில் நடத்துவேன். உங்கள் பக்கத்தில் மூன்று: கணவரின் அனுமதியின்றித் தாய் வீட்டுக்குப் போக மாட்டேன், கைத்தொலைபேசியை அவர் கேட்டபோது காட்டுவேன், இவ்விடயத்தைப் பொலிசுக்கோ வெளியாருக்கோ கொண்டுபோக மாட்டேன். அடித்தார் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. இரண்டு பேருக்குமிடையே மனக்கசப்பு என்றுதான் இருக்கிறது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காணித் தகராறைத் தீர்த்த பழக்கத்தில், ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்தால் நியாயம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இதில் விட்டுக்கொடுப்பதற்கு உங்களிடம் இருந்தவை தாய் வீட்டு வாசலும் கைத்தொலைபேசியும் முறையிடும் உரிமையும்தான். அவை மூன்றையும் எழுதி வாங்கிவிட்டார்கள். பொலிசுக்குப் போக மாட்டேன் என்று ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தாலும் அது அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அந்தப் பிரதியைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்; பழைய திகதியில் பிரச்சினை இருந்ததற்கு அதுவே ஒரு சான்று.

மார்க்கத்துக்கு முரணா என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி அல்லன். எனினும் யாரும் மறுக்காத சிலவற்றை நினைவூட்டலாம். கணவன் மனைவிக்கிடையே பிளவு அஞ்சப்பட்டால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் வேண்டும் என்பது அல்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்து 35ஆம் வசனம். உங்கள் விடயத்தில் அமர்ந்த ஐவரில் உங்கள் தரப்புக்காக வந்தவர் யார்? தீங்கு செய்யும் நோக்கத்தோடு மனைவியரைத் தடுத்து வைக்க வேண்டாம் என்கிறது 2ஆம் அத்தியாயத்து 231ஆம் வசனம். கணவர் ஸாபித் இப்னு கைஸ் அடித்ததாக நபியவர்களிடம் முறையிட வந்த ஹபீபா பின்த் ஸஹ்லின் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அப்பெண்ணைப் பொறுமையாக இருக்கச் சொல்லித் திருப்பியனுப்பாமல், மஹரைத் திருப்பிக்கொடுத்துப் பிரிய வழி செய்யப்பட்டது. சபுர் என்பதை நோய்க்கும் இழப்புக்கும் சொல்வது வேறு. அடிப்பவனின் கைக்குச் சொல்வது வேறு.

உம்மாவின் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை; சம்பந்தம் பேசும்போது ஊர் எதையெல்லாம் கிளறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்கச்சிக்கு வரும் மாப்பிள்ளையும் இப்படி அடித்தால் அவளுக்கும் இதே பதிலா என்று மட்டும் உம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள். அடுத்த முறை காயம் பட்டால் வைத்தியசாலையில் “விழுந்துவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் அங்கே எழுதுவார்கள், பின்னாளில் நீதவானும் காதியும் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். பெரிய வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இதற்கெனத் தனியிடம் உண்டு. மகளிர் உதவி இலக்கம் 1938. பொலிசில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள்; வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால், அதை விளங்கும்படி வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம்.

கேள்வி: என் தங்கை மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுடைய 13 வயது மகளிடம் தகப்பனின் தம்பி தகாத முறையில் நடந்திருப்பதாகப் பிள்ளை என்னிடம் அழுது சொன்னாள். அவர் எங்கள் சபையில் வாலிபர் ஊழியம் செய்பவர். போதகரிடம் சொன்னேன். மூப்பர்கள் மூன்று பேர் பிள்ளையை முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். இரண்டு சாட்சிகள் இல்லை என்றார்கள். பிறகு அவர், “தெரிந்தோ தெரியாமலோ ஏதும் தவறு நடந்திருந்தால்” என்று மன்னிப்புக் கேட்டார். பிள்ளையையும் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வைத்து உபவாச ஜெபம் வைத்தார்கள். வெளியே போனால் சபையின் நற்சாட்சி கெட்டுவிடும், தேவனுடைய நாமம் தூஷிக்கப்படும் என்கிறார்கள். அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான் என்ன செய்வது?
– பெரியம்மா ஒருவர், மட்டக்களப்பு

பதில்: அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதனால் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம். பிள்ளை அவ்வீட்டில் இன்னோர் இரவும் தங்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்; பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் நேரடியாக முறையிடலாம்; பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். முறையிடுவதற்குப் போதகரின் கடிதமோ தகப்பனின் சம்மதமோ தேவையில்லை. பிள்ளையின் தாய்க்கு உண்மையைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவள் துடித்துப்போவாள் என்று மறைப்பது, பிள்ளைக்காக ஓடிவரக்கூடிய ஒரே ஆளை அப்புறப்படுத்துவதாகும். முறையிட்டால் பிள்ளையை விடுதியில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. பொறுப்பேற்கத் தகுந்த உறவினர் இருந்தால் அவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் அதற்குத் தயார் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

என்ன நடந்தது என்று பிள்ளையிடம் மீண்டும் மீண்டும் கேட்காதீர்கள். கேட்க மற்றவர்களையும் விடாதீர்கள். மூன்று ஆண்கள் சுற்றி நின்று கேட்டது பிள்ளைக்குச் செய்த இரண்டாவது தீங்கு. அந்த விசாரணையில் அவள் தடுமாறிச் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னர் அவள் பொய் சொல்கிறாள் என்றும் வாதிடுவார்கள். சட்ட வைத்திய அதிகாரியும் பயிற்சி பெற்ற பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கும் முறை வேறு. 1999ஆம் ஆண்டிலிருந்து, பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் முன்வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரை அனுமதியின்றி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆகவே பத்திரிகையில் பெயர் வந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இரண்டு சாட்சிகள் என்ற பேச்சுக்கு வருவோம். எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த விடயத்தை நிரூபிப்பதற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையான சாட்சிகள் வேண்டியதில்லை என்று நேராகச் சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு செய்யப்படும் குற்றத்துக்கு இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பது, அக்குற்றத்தை யாரும் ஒருபோதும் நிரூபிக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குச் சமம். இது மட்டக்களப்பில் மட்டும் உள்ள குறைபாடன்று. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்தை நிறுவனங்கள் கையாண்ட விதத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் கோப்புகளைப் பார்த்தபோது, 1950ஆம் ஆண்டு முதல் குற்றஞ்சாட்டப்பட்ட 1,006 பேரின் விபரங்கள் அவற்றில் இருந்தன. அவர்களில் ஒருவரைப் பற்றியேனும் அவ்வமைப்பு பொலிசுக்கு அறிவித்திருக்கவில்லை. அங்கும் இரண்டு சாட்சி விதி, அங்கும் ஆண் மூப்பர்களின் விசாரணை, அங்கும் பிள்ளைகளில் பலர் தம் வீட்டாராலேயே பாதிக்கப்பட்டவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை ஆகியவற்றின் கோப்புகளும் அதே ஆணைக்குழுவின் முன் விரிக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சபையைக் காட்டி மற்றச் சபைகள் தப்பித்துக்கொள்ள இதில் வழியில்லை.

மூப்பர்கள் எடுத்துக்கொண்டது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் 15, 16ஆம் வசனங்களாக இருக்கும்: சகோதரன் குற்றம் செய்தால் தனித்துப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்பது. சகோதரனுக்கும் சகோதரனுக்குமிடையே வரும் மனத்தாங்கலுக்குச் சொன்னதைப் பிள்ளைக்கும் பெரியவனுக்கும் பொருத்துவது முறையா என்று போதகரிடம் கேளுங்கள். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்றிருக்கிறது. 15ஆம் வசனம் நினைவுக்கு வந்த பெரியவர்களுக்கு ஒன்பது வசனம் முன்னால் இருப்பது எப்படி மறந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. மன்னிப்பைப் பற்றி ஒன்று: அது பிள்ளை தன் காலத்தில், தான் விரும்பினால் கொடுப்பது. பெரியவர்கள் சூழ நின்று 13 வயதுப் பிள்ளையிடம் வாங்கிக் கொடுத்த மன்னிப்பைப் பெற்றவர் நாளைக்கும் வாலிபர் கூட்டத்தை நடத்தப் போகிறார். அந்தக் கூட்டத்துக்கு வருகிற மற்றப் பிள்ளைகளையும் நினைத்தாக வேண்டும்.

கேள்வி: நான் ஒரு கோயிலின் வண்ணக்கர்களில் (நிர்வாகப் பொறுப்பாளர்களில்) ஒருவன். எங்கள் ஊரில் குடும்பச் சண்டை வந்தால் குடிப் (தாய்வழிக் குலப்) பெரியவர்கள் கூடித் தீர்த்துவைப்பது வழக்கம். ஊரைத் தாண்டிப் பொலிசுக்குப் போனவர்களுக்குச் சடங்கு காலத்தில் குடிக்குரிய மரியாதையை நிறுத்திய சந்தர்ப்பங்களும் உண்டு. இப்போது இளம் பெண்கள் எங்களிடம் வருவதில்லை. நாங்கள் தலையிடவே கூடாதா? எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போனால் ஊர் என்று ஒன்று எதற்கு?
– அம்பாறை மாவட்டம்

பதில்: ஐயா, தலையிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போர்க்காலத்தில் பொலிஸ் நிலைய வாசலை மிதிக்கவே அஞ்சிய ஆண்டுகளில் இந்த ஊர்களில் நியாயம் என்று ஏதும் மிஞ்சியிருந்ததென்றால், அதில் உங்களைப் போன்றவர்களின் பங்கு உண்டு. கடன், காணி, எல்லை வேலி, தேர்த் திருவிழாவின் உபயம் ஆகியவற்றில் இன்றைக்கும் உங்கள் சொல்லுக்குப் பெறுமதி இருக்கிறது. அடி அந்த வகையைச் சேர்ந்தது அன்று என்பதுதான் என் வாதம். சண்டையில் இரண்டு பக்கம் இருக்கும். அடியில் அடித்தவரும் அடிபட்டவரும்தான் இருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, ஒருவர் முன்னிலையில் மற்றவரைப் பேசச் சொன்னால், அன்றிரவு அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய பெண் எதைப் பேசுவாள்? நீங்கள் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில், ஊருக்கு முன்னால் என்னை அவமானப்படுத்தினாயா என்ற கேள்வி அங்கே தொடங்கியிருக்கும்.

அடுத்த முறை ஒரு பெண் வந்தால், கணவரை அழைப்பதற்கு முன் அவளைத் தனியாக, ஒரு பெண்ணின் துணையோடு பேச விடுங்கள். உங்கள் குடி தாய்வழியில் வருவது. வயிற்றுவார் என்று பெண்ணின் வயிற்றை வைத்துத்தான் முறை எண்ணுகிறீர்கள். ஆனால் நியாயம் பேசும் இடத்தில் பெண் ஒருவரும் உட்கார்ந்திருப்பதில்லை. இது எனக்கு எப்போதும் விந்தையாகவே படும். அவளிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி யாரில் பிழை என்பதன்று. இன்றிரவு வீட்டுக்குப் போகப் பயமா, பிள்ளைகள் எங்கே, கத்தியோ தடியோ எடுத்து மிரட்டியிருக்கிறாரா, கழுத்தை நெரித்திருக்கிறாரா என்பவை. கழுத்தை நெரித்தல் பின்னர் கொலையில் முடியக்கூடிய அறிகுறி என்று இத்துறையில் வேலை செய்கிறவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றைக் கேட்டால் பேசித் தீர்க்கும் பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவளை வைத்தியசாலைக்கும் பொலிசுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் அந்த முறைப்பாட்டை எழுதும் விதமே மாறிவிடும். உங்கள் செல்வாக்குக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்; அவர்களை ஒருநாள் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப் பேசச் செய்யலாம்.

மரியாதையை நிறுத்துவது பற்றி எழுதியிருந்தீர்கள். முறையிட்ட பெண்ணின் குடிக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். அடித்தவர் குடிக்கு ஒருமுறையாவது நிறுத்தியது உண்டா? இளம் பெண்கள் உங்களிடம் வராததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கேள்வி: மார்க்கத்தைப் பேணி வாழும் குடும்பங்களையே குறிவைத்து எழுதுகிறீர்கள். மதுவினால் சீரழிந்த வீடுகளில் நடப்பதை விட்டுவிட்டு, பள்ளிவாசலையும் சபையையும் ஏன் இழுக்கிறீர்கள்? ஏற்கெனவே எங்கள் சமூகத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இப்படியான எழுத்து யாருக்கு உதவும்?
– காத்தான்குடி வாசகர்

பதில்: மது உள்ள வீட்டில் அடி இருக்கிறது, மது வாசனையே படாத வீட்டிலும் இருக்கிறது. பேணுதலான குடும்பங்களில் அதிகம் என்று நான் எங்கும் எழுதவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. நான் எழுதுவது, நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி. இங்கிலாந்தில் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய சுயாதீன விசாரணைக்குழு, பல சமயங்களையும் சேர்ந்த 38 அமைப்புகளை ஆராய்ந்து 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்டவரையே பழிப்பது, மானம் போகும் என்ற அச்சம், வேதத்தைக் காட்டி அடக்குவது, தலைமையில் பெண்கள் இல்லாமை, வெளி அதிகாரிகள் மீது நம்பிக்கையின்மை ஆகியவை சமய வேறுபாடில்லாமல் திரும்பத் திரும்ப வந்தன. எமது கடிதப் பெட்டியிலும் அவைதான் வருகின்றன.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் உங்கள் ஊரார் பட்ட பாட்டை இம்மாவட்டத்தில் எவரும் மறக்க முடியாது. அதே நாளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பாட்டையும் மறக்க முடியாது. குற்றமற்றவர்களின் வீடுகள் சோதனையிடப்பட்ட ஒரு காலத்துக்குப் பிறகு, பொலிசுக்குப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எளிதான காரியமன்று. முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்ததை, 2021இல் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்று செயலணி அமைத்தவர்கள் தம் கைக்கு எடுத்துக்கொண்டபோது, அப்பெண்கள் இரண்டு பக்கத்தாராலும் நெருக்கப்பட்டார்கள்: வாயைத் திறந்தால் சமூகத்தைக் காட்டிக்கொடுத்தவள், மூடியிருந்தால் அடி. சமூகத்தின் மானத்தைக் காக்கும் சுமையை வீட்டில் அடிபடுகிறவளின் தலையில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அதைச் சுமக்க வேண்டியவர் அடித்தவரும் அவருக்காகப் பேசியவர்களும்தான். வேறு சமூகத்தார் குத்திக்காட்டுவார்கள் என்று நீங்கள் அஞ்சினால், அதற்குச் சிறந்த மறுமொழி உங்கள் பள்ளிவாசல் நிர்வாகமே ஒரு பெண்ணை நீதவான் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவதாக இருக்கும். அப்படிச் செய்கிற நிர்வாகத்தைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் எப்போதும் இடமுண்டு.

கேள்வி: மகன் பஜனைக் குழுவுக்குத் தலைவர், எல்லோருக்கும் நல்லவர். என்னை அறைக்குள் பூட்டி வைக்கிறார், சில வேளை கையும் நீட்டுகிறார். வயது 71. பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சட்டம் உண்டா?
– களுவாஞ்சிக்குடிப் பகுதியிலிருந்து, அயல்வீட்டுப் பிள்ளையின் கையால் எழுதப்பட்டது

பதில்: உண்டு அம்மா. மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமானதன்று. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமிடையிலும் செல்லும். சோறும் மருந்தும் தராமல் விட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பராமரிப்புச் சபையில் பிள்ளையிடமிருந்து மாதாந்தப் பணம் கேட்கவும் முடியும். நீங்களாக எங்கும் போக வேண்டியதில்லை; இந்தக் கடிதத்தை எழுதித் தந்த பிள்ளையைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை, மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து உங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டிய அறைக்குள் ஆபத்து என்றால் அப்பிள்ளை 119க்கு அழைக்கலாம்.